‘தெவோத்’ கப்பலின் கொடியை இறக்கியவன்

குல்வென் சலாயுனுக்குப் பொய் சொல்ல வராது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குப் பாட்டு வராது, அந்த மாதிரிதான். பொய் சொல்லப் பார்த்தால் அவன் காது இரண்டும் வெந்த நண்டு மாதிரிச் சிவந்துவிடும். அப்படிப்பட்டவனைத் தேடிப் பிடித்துத்தான் எங்கள் கப்பலில் கொடிக்காரனாகப் போட்டார்கள்.

போர்க்கப்பலில் கொடிக்காரன் வேலை தெரிந்தவர்களுக்கு இந்த இடத்திலேயே சிரிப்பு வந்திருக்கும். அவன் பொறுப்பில் ஒரு பெட்டி. அதில் இங்கிலீஷ்காரன் கொடி, டேனிஷ்காரன் கொடி, போர்ச்சுகீசியன் கொடி என்று ஊரில் உள்ள கொடியெல்லாம் மடித்து இருக்கும். தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் தெரிந்தால், அது எந்த நாட்டுக் கப்பலோ அந்தக் கொடியையே ஏற்றிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி இளித்தபடி பக்கத்தில் போவோம். முதல் குண்டு போடுவதற்கு முன்னால் மட்டும் சொந்தக் கொடிக்கு மாறிவிட வேண்டும். மாறிவிட்டுச் சுட்டால் கனவான். மாறாமல் சுட்டால் கடற்கொள்ளைக்காரன். நடுவில் இருப்பது ஒரே ஒரு நிமிஷம். அந்த நிமிஷம் குல்வென் கையில் இருந்தது.

நான் புதொக். அதே கப்பலில் பாய் தைத்தவன். குல்வெனும் நானும் பிரான்சின் மேற்குக் கோடியில் இருக்கும் லெ கொங்கே துறைமுகத்துக்காரர்கள். எங்கள் ஊரில் ஆண்பிள்ளை பிறந்தால் கோயில் புத்தகத்தில் ஒரு தடவை, கடற்படைப் புத்தகத்தில் ஒரு தடவை பெயர் எழுதுவார்கள். கோயில் புத்தகத்தைப் புரட்சிக்காரர்கள் கொளுத்தினார்கள். கடற்படைப் புத்தகத்தைத் தூசி தட்டிப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். ஆகவே கடவுளுக்கு எங்களைத் தெரியாமல் போனாலும் பிரெஸ்த் துறைமுக அலுவலகத்துக்கு நன்றாகத் தெரியும்.

கப்பலைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பத்தாறு பீரங்கி வைத்த, ஃபிரிகேட் என்கிற வேகமான போர்க்கப்பல். ராஜா காலத்தில் கட்டியது. அப்போது அதற்கு ‘லா தெவோத்’ என்று பெயர், பக்தி நிறைந்தவள் என்று அர்த்தம். கப்பலின் முன்முனையான அணியத்தில் ஒரு மரப்பெண் முழந்தாளிட்டு, கையில் ஜெபமாலையோடு இருந்தாள். ராஜாவின் தலை உருண்ட வருஷம், பக்தி இனிமேல் கூடாது என்று பாரிஸிலிருந்து உத்தரவு வந்தது. தச்சன் வந்தான். ஜெபமாலையை அறுத்து எடுத்துவிட்டு அந்தக் கையில் ஒரு மரப் புத்தகத்தை ஆணி அடித்து வைத்தான். பெயரை ‘லா பிலோசோஃப்’, அதாவது தத்துவக்காரி, என்று மாற்றினார்கள். முழந்தாளை மட்டும் நிமிர்த்த முடியவில்லை. நிமிர்த்தினால் அணியமே பிளந்துவிடும். ஆகவே எங்கள் தத்துவக்காரி கடைசிவரை முட்டி போட்டுக்கொண்டுதான் படித்தாள். நாங்கள் யாரும் அவளைத் தத்துவக்காரி என்று கூப்பிட்டதில்லை. அதிகாரிகள் காதில் படாத இடத்தில் தெவோத், அவ்வளவுதான்.

அவள் சேவையின் வீர வரலாறு சின்னது. மூன்று வருஷத்தில் இரண்டரை வருஷம் பிரெஸ்த் துறைமுகத்தில் நங்கூரம். கயிறு வந்தால் மாவு வராது. மாவு வந்தால் மாலுமி வரமாட்டான். மாலுமியும் வந்தால் வெளியே இங்கிலீஷ்காரன் நிற்பான். வெளியே போன ஆறு மாதத்தில் ஆரஞ்சுப் பழம் ஏற்றிய போர்ச்சுகீசியத் தோணி ஒன்றைப் பிடித்தோம். மூடுபனியில் ஒரு பாறையை இரண்டு மணி நேரம் துரத்தினோம். பாறைதான் கடைசியில் தப்பித்துக்கொண்டது.

கேப்டன் பெர்திலாக். பழைய பிரபுக்கள் எல்லாரும் வெளிநாட்டுக்கு ஓடிவிட்டதால் காலியான நாற்காலிகளில் கிடைத்தவர்களை உட்கார வைத்த காலம் அது. இவர் தெற்கே ஆற்றில் ஒயின் பீப்பாய் ஏற்றும் படகு ஓட்டிக்கொண்டிருந்தவர். புரட்சி வழக்கப்படி நாங்கள் அவரைப் ‘பிரஜை கேப்டன்’ என்றுதான் கூப்பிட வேண்டும். நல்ல குரல். பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுபோகும். பாரிஸில் போட்ட சட்டம் ஒன்றைப் பெரிய பாய்மரத்தில் ஒட்டி வைத்து, பத்து நாளுக்கு ஒரு தடவை எல்லாரையும் நிறுத்தி வாசிப்பார். போர்க்கப்பல் கொடியை இறக்கினால் சரணடைந்தது என்று அர்த்தம். கப்பல் மூழ்கும் நிலைக்கு வராமல் கொடியை இறக்கச் சொல்லும் கேப்டனுக்கு மரண தண்டனை. கேப்டன் சொல்லாமல் கொடியை இறக்குகிறவனுக்கும் மரண தண்டனை. வாசித்து முடித்ததும், “குடியரசு வாழ்க!” என்று நாங்கள் கத்த வேண்டும். கத்தும்போது குல்வென் தன் கழுத்தைத் தடவிக்கொள்வான்.

“டேய் புதொக்கு, இந்தச் சட்டத்துல கொடிய ஏத்தறவனுக்கு ஒண்ணும் இல்லையாடா?” என்று ஒரு நாள் கேட்டான்.

“ஏத்துனா வாழ்க. இறக்குனா ஒழிக. ஒன் வேலை ரெண்டும்தானே, பாத்து நடந்துக்க” என்றேன்.

ஒரு ஏப்ரல் காலை உஷான் தீவுக்கு மேற்கே அது நடந்தது. இங்கிலீஷ் கொடியை ஏற்றிக்கொண்டு இரண்டு சரக்குக் கப்பலுக்குப் பின்னால் பூனை மாதிரிப் போய்க்கொண்டிருந்தோம். பனி கலைந்தது. சரக்குக் கப்பல்களுக்கு நடுவில், கல்லெறியும் தூரத்தில், ஓர் இங்கிலீஷ் ஃபிரிகேட். எங்கள் கொடியைப் பார்த்து அவர்கள் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார்கள். கேப்டனுக்கு மூச்சு நின்று திரும்ப வந்தது. வந்ததும் முதல் வார்த்தையாக, “சுடு!” என்று கத்தினார்.

கொடியை மாற்றவே இல்லை. குல்வென் கயிற்றைக் கையில் பிடித்தபடி, “பிரஜை கேப்டன்! கொடி! கொடி!” என்று அலறுகிறான். பதினெட்டு பீரங்கி ஒரே நேரத்தில் வெடித்தபோது யார் காதில் விழும்? புகைக்குள் அவன் இங்கிலீஷ் கொடியை இறக்கி எங்கள் மூவண்ணக் கொடியை ஏற்றி முடித்தபோது முதல் சுற்று போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் காது இரண்டும் சிவந்திருந்தன. புகை இருந்ததால் எதிரி கவனிக்கவில்லை. நாங்கள் கவனித்தோம்.

எங்கள் பீரங்கிக்காரர்களுக்குப் பழக்கம் பாய்மரத்தைப் பார்த்துச் சுடுவது. இங்கிலீஷ்காரனுக்குப் பழக்கம் கப்பலின் வயிற்றைப் பார்த்துச் சுடுவது. இரண்டு மணி நேரம் நாங்கள் அவன் துணியைக் கிழித்தோம். அவன் எங்கள் ஆட்களைக் கிழித்தான். கீழ்த்தட்டில் நாற்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள். தைப்பதற்கு என்னிடம் பாய் இல்லை. பிணத்தைச் சுற்றத்தான் பாய் கேட்டார்கள். இதை மட்டும் என்னால் கேலியாக எழுத முடியவில்லை.

அப்போது கேப்டன் பெர்திலாக் பின்தட்டில் குல்வென் பக்கத்தில் வந்து நின்றார். நான் மூன்றடி தள்ளி, அறுந்த கயிறுகளை முடிந்துகொண்டிருந்தேன். அவர் கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார்.

“குல்வென், ஒனக்கு அந்தக் கொடி கொஞ்சம் கனமா தெரியலையா?”

“கனமா? துணிதானே, பிரஜை கேப்டன்.”

“கயிறு பாவம்னு தோணுது எனக்கு.”

“இறக்கவா?”

“நான் அப்படிச் சொன்னேனா?”

“அப்போ இருக்கட்டுமா?”

“அதையும் நான் சொல்லலையே!”

அந்த நேரத்தில் இன்னொரு சுற்று வந்து எங்கள் வயிற்றில் இறங்கியது. கீழே யாரோ அம்மாவைக் கூப்பிட்டு அழுதான். எங்கள் ப்ரெதோன் மொழியில்தான் அழுதான். புரட்சிக்கு அந்த மொழி பிடிக்காது. குல்வென் கேப்டன் முகத்தைப் பார்த்தான். கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குல்வென் கயிற்றை அவிழ்த்தான். கொடி இறங்கியது. சத்தம் நின்றது. ஒரு நிமிஷம் கழித்துக் கேப்டன் திரும்பிப் பார்த்து, “ஐயோ!” என்றார். அவ்வளவு அழகான ஐயோவை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில், பாய்மரம் இல்லாத பழைய கப்பலுக்குள் எங்களை இரண்டு வருஷம் அடைத்து வைத்தார்கள். தின்னக் கொடுத்த கருவாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு எலியே திரும்பிப் போகும். எங்கள் தெவோத்தைப் பழுது பார்த்துத் தன் கடற்படையில் சேர்த்துக்கொண்டான் இங்கிலீஷ்காரன். பெயரை மாற்றவில்லை. பிரெஞ்சுக்காரனிடம் பிடித்தது என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா! மரப்பெண்ணின் புத்தகத்தையும் எடுக்கவில்லை.

உள்ளே இருந்த முந்நூறு பேரில் பாதிப் பேர் குல்வென் கொடியை இறக்கியதால்தான் உயிரோடு இருந்தார்கள். அந்தப் பாதிப் பேர்தான் அவனை அதிகம் திட்டினார்கள். “இந்தா வர்றான் பாரு துரோகி, ஒரு கை குறைஞ்சாலும் நான் இன்னும் ரெண்டு நாள் சண்ட போட்டிருப்பேன்” என்பார்கள். சண்டை நடந்தபோது அவர்களில் பல பேரை நான் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் பார்த்தேன். எதுவும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் ஒரே கூரைக்குள் இருக்க வேண்டும் அல்லவா.

கைதிகளை மாற்றிக்கொண்டபோது ஊர் திரும்பினோம். பிரெஸ்த் கரையில் கால் வைத்ததும் குல்வென் கையில் விலங்கு போட்டார்கள். கப்பலை இழந்த கேப்டன் எவரானாலும் விசாரணைக்கு நிற்க வேண்டும் என்பது விதி. பெர்திலாக் நின்றார். நல்ல குரலில், “நான் கொடியை இறக்கச் சொல்லவில்லை” என்றார். அது சத்தியமான உண்மை. அப்படியானால் கேப்டன் சொல்லாமல் இறக்கியவன் குல்வென். சட்டம் பாய்மரத்தில் ஒட்டியிருந்த அதே சட்டம். துறைமுகத்துப் பெரிய மைதானத்தில் கில்லட்டின் பலகைக்கு அப்போதுதான் புது வண்ணம் அடித்திருந்தார்கள்.

எனக்குச் சாட்சிக்கு அழைப்பு வந்தது. விசாரணை நடத்திய கமிஷனர் ரபோ என்னைக் கேட்டார்.

“கேப்டன் என்ன சொன்னாரு?”

“கொடி கனமா தெரியலையான்னு கேட்டாருங்க.”

“அது உத்தரவா, கேள்வியா?”

“கேள்விதாங்க. ஆனா கேட்ட விதம்...”

“விதத்தை எழுத எங்ககிட்ட கட்டம் இல்ல. அடுத்த சாட்சி!”

அன்று மதியம் குல்வெனின் மனைவி அஸெனோர் காவலறைக்கு வந்தாள். கறுப்பு மாவு அடையும் உப்பு வெண்ணெயும் துணியில் மூட்டை கட்டிக்கொண்டு பதினைந்து மைல் நடந்திருக்கிறாள். மத்தி மீனுக்கு உப்பு போடும் கை; வாயும் அப்படித்தான். அழுவாள் என்று காவல்காரன் கைக்குட்டையோடு நின்றான். அவள் உட்கார்ந்து அடையைப் பிய்த்துக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தாள்.

“யோவ், அந்தச் சண்டையில மொத்தம் எத்தன கொடி இறக்குன?”

“ரெண்டு. காலையில இங்கிலீஷ்காரன் கொடி, அப்புறம் நம்ம கொடி.”

“மொதக் கொடிய எப்ப இறக்குன?”

குல்வென் சொன்னான். முதல் சுற்றுக்கு அப்புறம் என்று.

“இத அங்க சொன்னியா?”

“யாரும் கேக்கலையே.”

“கேக்க மாட்டானுங்க. கேட்டா அவனுங்க கேப்டன் கொள்ளைக்காரன் ஆயிருவான். புதொக்கண்ணே, ஒங்க கூட்டாளிக்குக் கொஞ்சம் சொல்லுங்க. பொய் சொல்ல வேணாம்யா, ஒனக்கு அது வராது. பாதி உண்மையச் சொல்லு. மீதிய அவனுங்களே பயந்து முடிச்சுக்குவானுங்க.”

மறுநாள் குல்வென் கூண்டில் நின்று அதைச் சொன்னான். “அன்னிக்கு நான் ஒரு கொடிய இறக்கினது நெசம், பிரஜைகளே. அது இங்கிலீஷ் கொடி. நம்ம பீரங்கி மொதச் சுற்று சுட்டதுக்கு அப்புறம் இறக்கினேன்.”

எழுத்தர் பேனா நடு வரியில் நின்றது. கேப்டன் பெர்திலாக் வெண்ணெய் நிறத்துக்கு மாறினார். குடியரசின் கடற்படை பொய்க்கொடியின் கீழ் சுட்டது என்று விசாரணைப் புத்தகத்தில் ஏறினால், இங்கிலீஷ்காரன் கையில் இன்னும் இருக்கும் எங்கள் கைதிகளின் கதி என்ன? கேப்டனுக்காகப் பாரிஸில் சிபாரிசு செய்த மைத்துனனின் கதி என்ன? கமிஷனர் ரபோ எழுந்து, சாப்பாட்டு நேரம் என்றார். மணி ஒன்பதரை.

சாப்பிட்டு வந்து தீர்ப்பு சொன்னார்கள். ஆறு நீதிபதிகள், எல்லாரும் படித்தவர்கள். அதன் சாரம் இது: மூவண்ணக் கொடியை யாரும் இறக்கவில்லை. கொடிக்கயிறு பலமான காற்றில் தானாகவே அவிழ்ந்துவிட்டது. கொடியை இறக்காததால் கப்பல் சரணடையவும் இல்லை. சரணடையாத கப்பலை எதிரி பிடித்ததாகச் சொல்ல முடியாது. ‘லா பிலோசோஃப்’ போர்க்கப்பல், கடல் சூழ்நிலை காரணமாக, தன் மாலுமிகளைவிட்டுப் பிரிந்திருக்கிறது. ஆகவே கேப்டன் குற்றமற்றவர். கொடிக்காரனும் குற்றமற்றவன்.

அதை எங்கள் சாட்சியமாக எழுதி நீட்டினார்கள். கீழே ஒரு வரி: இதற்கு மாறாக வாயாலோ எழுத்தாலோ சைகையாலோ எப்போது தெரிவித்தாலும், பொய்ச்சாட்சியும் ராஜத்துரோகமும் சொன்னவனாக மரண தண்டனைக்கு உட்படுகிறேன். குல்வென் கையெழுத்துப் போட்டான். காது பற்றி எரிந்தது. நானும் போட்டேன். எனக்குக் காது சிவக்காது. அதனால் என் வெட்கம் யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் நினைத்தால் அந்தப் பேனாவை விழுங்கித் தொலைத்திருக்கலாம் என்று இருக்கிறது.

பெர்திலாக்குக்கு வேறு கப்பல் கிடைத்தது. குல்வெனைக் கண்ணெதிரே வைத்திருப்பது நல்லது என்று, லெ கொங்கே மேட்டில் இருக்கும் கடற்கண்காணிப்புச் சாவடியில் போட்டார்கள். அங்கே ஓர் உயரமான கம்பம். உச்சியில் எப்போதும் மூவண்ணக் கொடி. அதற்குக் கீழே, கடலில் எதிரி தெரிந்தால் இரண்டு கறுப்புக் கூடை ஏற்ற வேண்டும். வழி சுத்தம் என்றால் நீலத் துணி. பிரெஸ்துக்குத் தானியம் கொண்டுபோகும் தோணிகள் எங்கள் துறைமுகத்தில் ஒதுங்கி நின்று, நீலத் துணியைப் பார்த்த பிறகுதான் கிளம்பும்.

ஊர் அவனை மன்னிக்கவில்லை. தீர்ப்பை யாரும் நம்பவில்லை என்பது வேறு. அதை நம்பாததற்கும் அவனையே திட்டினார்கள். அஸெனோரின் அண்ணன் ரிவால் சொந்தத் தோணி வைத்திருந்தான். தங்கை வீட்டுக்கு வந்தால் வாசலோடு மீனைக் கொடுத்துவிட்டுப் போவான். “உள்ள வா மச்சான்” என்று குல்வென் கூப்பிட்டால், “காத்து பலமா அடிக்குது மாப்ள, ஒன் வீட்டுல எது அவுந்து எம் மேல விழுமோ” என்பான்.

சாவடித் தலைவன் கோர்பினோ, முன்னாள் லத்தீன் வாத்தியார். கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து புத்தகத்தைப் பார்ப்பவன். கடற்படை அலுவலகம் அச்சடித்த பட்டியல் அது. இடது பக்கம் நம் கப்பல்கள், வலது பக்கம் எதிரிக் கப்பல்கள். எங்கள் தெவோத் அதில் இடது பக்கம் இருந்தாள். தீர்ப்பு அப்படி! அவள் இங்கிலீஷ் கொடியோடு உஷானுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் மாதக்கணக்கில் உலாத்தியது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். பட்டியலுக்குத் தெரியாது. அவள் வரும் நாட்களில் கோர்பினோ, “அடையாளம் தெரியாத கப்பல்” என்று எழுதிக் கறுப்புக் கூடையை ஏற்றச் சொல்வான். இங்கிலீஷ் கொடி பறந்தவரை அது சரியாகவே நடந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு பிற்பகல். ஒன்பது தோணிகள் பார்லியோடு துறையில் நின்றன. பிரெஸ்தில் ஒரு வாரமாக ரொட்டி இல்லை. ரிவாலின் தோணியில் பாய் கிழிந்திருந்ததால் நானும் அதில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். தோணிக்கு ஆறு பேர், எட்டு பேர். எல்லாரும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். வெளியே முனைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. கம்பம் மட்டும் தெரியும்.

மேட்டில் நடந்ததைக் குல்வென் பிறகு சொன்னான். தெவோத் முனைக்கு அந்தப் பக்கம் பாயைச் சுருக்கிக்கொண்டு காத்து நின்றாள். இந்தத் தடவை மூவண்ணக் கொடி ஏற்றிக்கொண்டு! நாங்கள் செய்த அதே வேலை. கோர்பினோ தொலைநோக்கியில் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான், முகம் மலர்ந்தது.

“நம்ம கப்பல், குல்வென்! காணாமப் போனது திரும்பி வந்திருச்சு. ஏத்து நீலத் துணிய.”

“அது இங்கிலீஷ்காரன், ஐயா. நான் மூணு வருஷம் இருந்த கப்பல். பெரிய பாயை இங்கிலீஷ்காரன் தையல்ல மாத்தியிருக்கான். தட்டுல அவனோட செவப்புச் சட்டைச் சிப்பாய் நிக்கிறான்.”

“புத்தகத்துல நம்ம பக்கம் இருக்கு. கொடியும் நம்மது.”

“நான் கொடிக்காரன் ஐயா. கொடிய நம்பாதீங்க.”

“இது எதிரிக் கப்பல்னு நீ சொன்னா, அது பிடிபட்டதுன்னு சொல்றே. பிடிபட்டதுன்னா சரணடைஞ்சது. நீ போட்ட கையெழுத்து ஞாபகம் இருக்கா? ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கூடைப் பெட்டிச் சாவி எங்கிட்ட இருக்கு. நீலத் துணிய ஏத்து.”

குல்வென் ஏற்றவில்லை. கோர்பினோ தானே ஏற்றினான்.

கீழே நாங்கள் நீலத் துணியைப் பார்த்தோம். ரிவால், “தூக்குங்கடா!” என்றான். ஒன்பது தோணியும் நங்கூரத்தைத் தூக்க ஆரம்பித்தன. நான் ஊசியைப் பையில் வைத்துவிட்டுக் கரைக்குத் தாவப் பார்த்தேன். ரிவால், “பிரெஸ்த் வரைக்கும் வாங்க அண்ணே, ஒரு கை குறையுது” என்றான். சரி என்றேன். முன்னால் இருந்த தோணி முனையைத் திரும்பப் பத்துத் துடுப்பு வீச்சுதான் பாக்கி.

அப்போது கம்பத்தின் உச்சியிலிருந்து மூவண்ணக் கொடி இறங்கியது.

மெதுவாக, இழுத்து இழுத்து, கை மாற்றி மாற்றி இறங்கியது. அவிழ்ந்து விழும் கொடி அப்படி இறங்காது. நடுவில் ஒரு தடவை நின்றது. கோர்பினோ அவன் கையைப் பிடித்து இழுத்த இடம் அது என்று பிறகு தெரிந்தது. திரும்பவும் இறங்கியது. கம்பம் மொட்டையானது. பிரான்சில் பட்டப்பகலில் காரணம் இல்லாமல் ஒரு சாவடி தன் கொடியை இறக்காது. ஒன்பது தோணிக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. “திருப்பு! திருப்பு!” என்று ரிவால் கத்தினான். சுக்கானை என் மடியில் போட்டுவிட்டுத் துடுப்பில் விழுந்தான்.

முனைக்கு அப்பால் காத்திருந்தவள் பொறுமை இழந்து வெளியே வந்தாள். புத்தகம் பிடித்த மரப்பெண் முன்னால், மூவண்ணக் கொடி பின்னால். எங்களைத் துறைமுகத்தைக் காக்கும் கரைப் பீரங்கிகளின் நிழலுக்குள் பார்த்ததும், மரியாதையாகக் கொடியை மாற்றி இங்கிலீஷ் கொடியை ஏற்றிவிட்டு ஒரு சுற்று சுட்டாள். குண்டெல்லாம் தண்ணீரில் விழுந்தன. அவர்கள் அந்த ஒரு நிமிஷத்தைத் தவற விடவில்லை.

ஒரு தோணிகூடப் பறிபோகவில்லை. ஓர் ஆள்கூடச் சாகவில்லை. கரையில் இறங்கியதும் ரிவால் மணலில் உட்கார்ந்துவிட்டான். “என் வாயில புழு வைக்க” என்றான். அஸெனோர் உப்புக் கையோடு மேட்டைப் பார்த்து நின்றாள். அவளுக்குத்தான் எங்கள் எல்லாருக்கும் முன்னால் புரிந்திருந்தது. கையெழுத்துப் போட்ட காகிதத்தில் சைகை என்ற வார்த்தை இருந்தது அவளுக்குத் தெரியும். “பாவி மனுஷா” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அப்போதுதான் அவள் அழுது நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

குல்வென் ஓடி ஒளியவில்லை. கோர்பினோ எழுதிக் கொடுத்த புகாரைத் தானே எடுத்துக்கொண்டு பிரெஸ்துக்கு நடந்தான். பாதையில் சேறு என்று காவலர்கள் வர மறுத்துவிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். ரிவாலும் வந்தான்.

கமிஷனர் ரபோ புகாரை இரண்டு தடவை படித்தார். எதிரியின் முன்னிலையில், உத்தரவு இல்லாமல், தேசியக் கொடியை இறக்கியது. மரண தண்டனை. பேனாவை மையில் தோய்த்தவர், அப்படியே நிறுத்தி யோசித்தார்.

“எந்த எதிரி முன்னால?”

“தெவோத் முன்னால” என்றான் குல்வென்.

“அது நம்ம கப்பல்.”

“இல்லீங்க.”

“நம்ம கப்பல்தான். ஆறு நீதிபதி சொல்லியாச்சு. அது எதிரின்னா ஆறு பேரும் பொய் சொல்லியிருக்கணும், கேப்டன் பெர்திலாக் பொய் சொல்லியிருக்கணும். இப்போ அவரு கப்பற்படைப் பிரிவுத் தலைவரு. எதிரி இல்லாத இடத்துல கொடிய இறக்கினது... துணி தோய்க்கிற மாதிரி. அதுக்குத் தண்டனை இல்ல. சாவடி வேலை மட்டும் போச்சு. வீட்டுக்குப் போ.”

குல்வென் அசையவில்லை. “வீட்டுக்குப் போறேன். ஆனா எழுதிக்கோங்க. கொடிய நான்தான் இறக்கினேன்.”

“எழுத முடியாது.”

“உஷான்லயும் நான்தான் இறக்கினேன். கீழ பசங்க செத்துக்கிட்டு இருந்தாங்க, அதனால இறக்கினேன். காத்து இல்ல. நான். எழுதுங்க. என் கழுத்து வேணும்னா எடுத்துக்கோங்க, ஆனா எழுதுங்க!”

அவன் காதைப் பார்த்தேன். சாதாரண நிறத்தில் இருந்தது.

ரபோ மைக்கூட்டை மூடினார். தலையில் கைவைத்துக்கொண்டு, தயவுசெய்து போ என்று பிச்சை கேட்கிற குரலில் சொன்னார். ஒரு மனிதன் தன்னைக் கொல்லச் சொல்லிக் கெஞ்சுவதையும், குடியரசு முடியவே முடியாது என்று கெஞ்சுவதையும் நான் அன்று ஒரே அறையில் பார்த்தேன். ரிவால்தான் கடைசியில் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினான். “வா மாப்ள, வீட்டுக்குப் போலாம். எனக்குத் தெரியும். அது போதும்” என்றான். குல்வென், “போதாது மச்சான்” என்றான்.

வருஷங்கள் ஓடிவிட்டன. போன இலையுதிர்காலத்தில் குல்வென் மார்ச்சளியில் செத்துப்போனான். கடற்படைப் புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே, ‘லா பிலோசோஃப்’ கப்பலில் பணியில் இருக்கிறான் என்றுதான் இன்னும் இருக்கிறது. போய்க் கேட்டேன், திருத்த மாட்டார்களாம். எனக்கும் வயதாகிவிட்டது, பொய்ச்சாட்சிக்கு என் கழுத்தை வெட்டினாலும் பெரிய நஷ்டம் யாருக்கும் இல்லை. ஆகவே நான் எழுதுகிறேன். உஷானில் கொடியை இறக்கியவன் குல்வென் சலாயுன். லெ கொங்கேயில் இறக்கியவனும் அவன்தான். உஷானில் பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று கையெழுத்துப் போட்டேன்.